எட்டு போடும் முன் ஒரு பரீட்சை!

மோட்டார் சைக்கிள் பழகப் போகிறவர்களும், அவர்களைப் பெற்றவர்களும் தெரிந்துகொள்ள வேண்டியவை

மோட்டார் சைக்கிள் லைசென்சு என்றதும் தமிழ்நாட்டில் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது "எட்டு." எட்டு என்ற எண்ணைப்போல வளைந்து கிடக்கும் பாதையில், காலை ஊன்றாமல் வண்டி ஓட்டிக் காட்ட வேண்டும். "எட்டு போட்டுவிட்டாயா?" என்றுதான் வாலிபர்கள் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வார்கள்.

ஆனால், எட்டு போடுவதற்கு முன்பே ஒரு பரீட்சை இருக்கிறது. அதற்கு வண்டி வேண்டாம். பெட்ரோல் வேண்டாம். ஒரு கம்ப்யூட்டர், சில கேள்விகள். அவ்வளவுதான்.

அதுதான் எல்.எல்.ஆர். பரீட்சை.

எட்டு போடுவதற்குக் கையும் காலும் பழகினால் போதும். இந்தப் பரீட்சைக்கு அறிவு பழக வேண்டும்.

இதைப் பலர் விளையாட்டாக நினைக்கிறார்கள். முதல் நாள் இரவு மாதிரிக் கேள்விகளைப் புரட்டுகிறார்கள். "இதற்கு விடை ஒன்று, அதற்கு விடை மூன்று" என்று உருப்போடுகிறார்கள். மறுநாள் பாஸ் செய்கிறார்கள். அதற்கு அடுத்த நாள் மறந்துவிடுகிறார்கள்.

மறக்கக்கூடாத பரீட்சை இது. ஏன் என்பதைக் கணக்கு சொல்லும்.

நாளைக்கு 49 உயிர்

2022-ம் ஆண்டில் இந்தியாவில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1 லட்சத்து 68 ஆயிரத்து 491 பேர். மத்திய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட கணக்கு இது. இறந்தவர்களில் நூற்றுக்கு 44 பேர், இரு சக்கர வண்டிகளில் சென்றவர்கள்.

அதே ஆண்டில் தமிழ்நாட்டில் நடந்த விபத்துகள் 64 ஆயிரத்து 105. வேறு எந்த மாநிலத்திலும் இத்தனை விபத்துகள் நடக்கவில்லை. தமிழ்நாட்டில் இறந்தவர்கள் 17 ஆயிரத்து 884 பேர்.

வகுத்துப் பாருங்கள். நாள் ஒன்றுக்கு 49 பேர்! காலையில் வீட்டை விட்டுப் புறப்பட்டு, மாலையில் திரும்பி வராதவர்கள்.

பரீட்சையில் வரும் ஒவ்வொரு கேள்விக்கும் பின்னால் இப்படி ஒரு ஆபத்து ஒளிந்திருக்கிறது. ஆகவே பதிலை மட்டும் படித்தால் போதாது. அந்தப் பதில் எதற்காக என்ற காரணத்தையும் படிக்க வேண்டும். காரணம் தெரிந்தால் பதில் தானாக வரும். மறக்கவும் மறக்காது.

எல்.எல்.ஆர். என்பது என்ன?

வண்டி ஓட்டக் கற்றுக்கொள்வதற்கு அரசாங்கம் கொடுக்கும் அனுமதிச் சீட்டுதான் எல்.எல்.ஆர். தமிழில் இதைப் "பழகுநர் உரிமம்" என்கிறார்கள். இது 6 மாதம் செல்லும். இதை வாங்கி 30 நாள் ஆனபிறகுதான் எட்டு போடப் போகலாம்.

அந்த 30 நாளும் பழகுவதற்காகக் கொடுக்கப்பட்ட நாட்கள்.

எல்.எல்.ஆர். வாங்க, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு விண்ணப்பம் போட வேண்டும். ஆர்.டி.ஓ. ஆபீஸ் என்று மக்கள் சொல்வது இதைத்தான். விண்ணப்பத்தை இணையதளம் வழியாகவே அனுப்பலாம். வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாதவர்கள் இ-சேவை மையத்துக்குப் போகலாம். வயதுக்கு ஒரு சான்று, விலாசத்துக்கு ஒரு சான்று, உடல்நிலை பற்றிய உறுதிமொழி ஆகியவை வேண்டும். 40 வயதைத் தாண்டியவர்கள் டாக்டரின் சான்றிதழும் கொடுக்க வேண்டும்.

கியர் உள்ள வண்டிக்கும், கியர் இல்லாத ஸ்கூட்டருக்கும் உரிமம் தனித்தனி. எதை ஓட்டப் போகிறோம் என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

பரீட்சையில் எதைப்பற்றி எல்லாம் கேட்கலாம் என்று 1989-ம் ஆண்டு மோட்டார் வாகன விதிகள் சொல்கின்றன:

1. சாலையில் உள்ள சின்னங்கள், சிக்னல்கள், சாலை விதிகள்.

2. விபத்து நடந்தால் ஓட்டுபவர் செய்ய வேண்டிய கடமைகள்.

3. ஆள் இல்லாத ரெயில்வே கேட்டைக் கடக்கும் முறை.

4. வண்டியில் வைத்திருக்க வேண்டிய ஆவணங்கள்.

கேள்விகளைத் தமிழிலேயே படித்துப் பதில் சொல்லலாம். நூற்றுக்கு 60 பங்கு சரியாக இருந்தால் பாஸ்.

பெற்றோருக்கும் சிறை!

யார் வேண்டுமானாலும் எல்.எல்.ஆர். கேட்டுவிட முடியாது. மோட்டார் சைக்கிளுக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும். 50 சி.சி.க்கு மேற்படாத சிறிய எஞ்சின் வண்டிக்கு மட்டும் 16 வயது போதும். அதற்கும் பெற்றோர் அல்லது பாதுகாவலரின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும்.

"பக்கத்துக் கடைக்குத்தானே போகிறான்" என்று பத்தாம் வகுப்புப் பையனிடம் சாவியைக் கொடுக்கும் தகப்பனார்கள் உண்டு. அவர்கள் 2019-ம் ஆண்டில் திருத்தப்பட்ட சட்டத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சிறுவன் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால், பெற்றோரும் வண்டியின் சொந்தக்காரரும் குற்றவாளிகளே. 3 ஆண்டு வரை சிறை, 25 ஆயிரம் ரூபாய் அபராதம். "எனக்குத் தெரியாமல் நடந்துவிட்டது" என்று சொன்னால், அதை அவர்களே நிரூபிக்க வேண்டும். வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்தாகும். அந்தப் பையன் 25 வயது வரை எல்.எல்.ஆர். வாங்க முடியாது.

பணக் கஷ்டம் இன்னொரு வழியிலும் வரும். லைசென்சு இல்லாதவர் ஓட்டிய வண்டி மோதி ஒருவர் இறந்தால், நஷ்டஈட்டை இன்சூரன்சு கம்பெனி முதலில் கொடுக்கும்படி கோர்ட்டு உத்தரவிடலாம். கொடுத்த பணத்தை அந்தக் கம்பெனி வண்டிக்காரரிடமே வசூலிக்கலாம். ஒரு சாவியால் ஒரு குடும்பம் வீட்டை இழக்க நேரிடும்.

எழுத்து இல்லாத பாஷை

பரீட்சையில் பலரைத் தடுமாற வைப்பவை சின்னங்கள். உண்மையில் அவைதான் எளிது. படிக்கத் தெரியாதவருக்கும், வேறு மாநிலத்தவருக்கும், வேறு நாட்டவருக்கும் புரியவேண்டும் என்றே அவை படமாக வரையப்பட்டன.

ஒவ்வொரு படத்தையும் தனித்தனியாக உருப்போடத் தேவை இல்லை. முதலில் உருவத்தைப் பார்க்க வேண்டும்.

சிவப்பு விளிம்பு போட்ட வட்டம்: இது கட்டளை. மீறினால் குற்றம். உள்ளே 50 என்று இருந்தால், 50 கிலோ மீட்டர் வேகத்தைத் தாண்டக்கூடாது. ஊதுகுழல் படத்தின் மேல் குறுக்குக்கோடு இருந்தால், ஹார்ன் அடிக்கக்கூடாது.

நீல வட்டம்: இதுவும் கட்டளைதான். ஆனால் "இதைச் செய்" என்ற கட்டளை. உள்ளே இடதுபக்கம் அம்புக்குறி இருந்தால், இடதுபக்கம்தான் திரும்ப வேண்டும்.

சிவப்பு விளிம்பு போட்ட முக்கோணம்: இது எச்சரிக்கை. முன்னே வளைவு இருக்கிறது, பள்ளிக்கூடம் இருக்கிறது, குறுகிய பாலம் இருக்கிறது என்று சொல்லும். வேகத்தைக் குறைக்க வேண்டும்.

நீலச் சதுரம் அல்லது நீள்சதுரம்: இது தகவல். ஆஸ்பத்திரி, பெட்ரோல் பங்க், சாப்பாட்டுக் கடை எங்கே இருக்கிறது என்று காட்டும்.

இந்தக் கூட்டத்தில் சேராமல் தனியாக நிற்பவை இரண்டு. எட்டு மூலை உள்ள சிவப்புப் பலகை "நில்" என்கிறது. தலைகீழாக நிற்கும் முக்கோணம் "வழி விடு" என்கிறது. இவை மிக முக்கியம். அதனால்தான் வேறு எதற்கும் இல்லாத உருவம் இவற்றுக்கு உண்டு. புழுதி படிந்து எழுத்து மறைந்தாலும் உருவத்தை வைத்தே கண்டுகொள்ளலாம்.

இரட்டைப் பிள்ளைகள்போலத் தோன்றும் சின்னங்களும் உண்டு. நீல வட்டத்தில் ஒரே ஒரு சிவப்புக் குறுக்குக்கோடு இருந்தால், வண்டியை அங்கே நிறுத்தி வைக்கக்கூடாது. பெருக்கல் குறிபோல இரண்டு கோடுகள் இருந்தால், ஆளை இறக்கிவிடக்கூட ஒரு நிமிஷம் நிற்கக்கூடாது.

அதேபோல முக்கோணத்துக்குள் வேலிக் கதவு படம் இருந்தால், காவலாளி உள்ள ரெயில்வே கேட். ரெயில் எஞ்சின் படம் இருந்தால், காவலாளி இல்லாத இடம். எஞ்சினை நேருக்கு நேர் சந்திக்கும் இடம் என்று நினைவு வைத்துக்கொண்டால் மறக்காது.

கேள்வியும் காரணமும்

இனி, பரீட்சைக்குப் படிக்கும் விஷயங்களில் சிலவற்றைப் பார்க்கலாம்.

கேள்வி: வெள்ளைத் தடி ஏந்திய ஒருவர் சாலையைக் கடக்கிறார். என்ன செய்ய வேண்டும்?

பதில்: வண்டியை நிறுத்த வேண்டும். அந்த வெள்ளைத் தடியையே "நில்" என்ற சிக்னலாக மதிக்க வேண்டும்.

காரணம்: அவருக்குப் பார்வை இல்லை. ஹார்ன் அடித்தால், சத்தம் எந்தப் பக்கம் என்று தெரியாமல் திகைப்பார். முன்னே போவதா, பின்னே வருவதா என்று அவருக்குத் தெரியாது. வண்டி நின்றால்தான் அவர் நிம்மதியாக நடக்க முடியும்.

கேள்வி: மலைப்பாதையில் ஒரு வண்டி ஏறுகிறது. ஒரு வண்டி இறங்குகிறது. யாருக்கு யார் வழிவிட வேண்டும்?

பதில்: இறங்குபவர், ஏறுபவருக்கு வழிவிட வேண்டும்.

காரணம்: ஏற்றத்தில் நின்ற வண்டியை மறுபடி கிளப்புவது கஷ்டம். பின்னால் உருளும். ஊட்டிக்கோ, கொடைக்கானலுக்கோ, ஏற்காட்டுக்கோ போய் வந்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

கேள்வி: சிக்னலும் இல்லை, போலீஸ்காரரும் இல்லை. நான்கு சாலை சேரும் இடம். யாருக்கு முதலில் வழி?

பதில்: வலதுபக்கம் இருந்து வருபவருக்கு.

காரணம்: நம் நாட்டில் இடதுபக்கமாகப் போகிறோம். குறுக்குச் சாலையில் வலதுபக்கம் இருந்து வரும் வண்டிதான் முதலில் நம் பாதைக்கு நேரே வந்து சேரும். அதற்கு வழிவிட்டால் மோதல் இல்லை.

கேள்வி: மஞ்சள் விளக்கு எரிகிறது. என்ன செய்ய வேண்டும்?

பதில்: வேகத்தைக் குறைத்து, கோட்டுக்கு முன்னால் நிற்க வேண்டும். கோட்டை மிகவும் நெருங்கிவிட்டு, நிற்பது ஆபத்து என்றால் மட்டும் கடந்து போகலாம்.

காரணம்: "சிவப்பு விழுவதற்குள் தாண்டிவிடலாம்" என்று ஒருவர் பறக்கிறார். "பச்சை விழுந்துவிட்டது" என்று குறுக்குச் சாலையில் இன்னொருவர் கிளம்புகிறார். இருவரும் நடுவில் சந்திக்கிறார்கள்!

கேள்வி: பின்னால் வரும் வண்டி நம்மை முந்துகிறது. என்ன செய்ய வேண்டும்?

பதில்: நம் வேகத்தைக் கூட்டக்கூடாது. அவருக்கு இடைஞ்சல் செய்யக்கூடாது.

காரணம்: முந்துகிறவர் அந்த நேரத்தில் எதிர்ப்பக்கத்துப் பாதையில் இருப்பார். போட்டி போட்டு அவரை அங்கேயே வைத்திருந்தால், எதிரே வரும் லாரிக்கு அவர் பலியாவார். ரோஷத்துக்குச் சாலையில் இடம் இல்லை.

கேள்வி: எங்கே முந்தக்கூடாது?

பதில்: வளைவில், குறுகிய பாலத்தில், சாலைகள் சேரும் இடத்தில், எதிரே வருவது கண்ணுக்குத் தெரியாத எந்த இடத்திலும்.

கேள்வி: ஆம்புலன்சு வருகிறது. என்ன செய்ய வேண்டும்?

பதில்: இடது ஓரம் ஒதுங்கி வழிவிட வேண்டும். வழிவிடாமல் தடுத்தால் 10 ஆயிரம் ரூபாய் அபராதம் போடச் சட்டத்தில் இடம் உண்டு. சிறைத்தண்டனையும் கிடைக்கலாம்.

இதற்குக் காரணம் சொல்லத் தேவை இல்லை. உள்ளே இருப்பவர் யாராகவும் இருக்கலாம்.

ரெயில்வே கேட்

ஆள் இல்லாத ரெயில்வே கேட் பற்றிய கேள்வி பரீட்சையில் தவறாமல் இடம்பெறக்கூடிய ஒன்று. சட்டம் சொல்லும் பதில் இது: வண்டியை நிறுத்த வேண்டும். இறங்கித் தண்டவாளத்தின் அருகே நடந்து போக வேண்டும். இரண்டு பக்கமும் ரெயிலோ டிராலியோ வரவில்லை என்று பார்த்த பிறகே கடக்க வேண்டும்.

அகல ரெயில் பாதைகளில் ஆள் இல்லாத கேட்டுகள் எல்லாம் 2019-ம் ஆண்டு ஜனவரி மாதத்தோடு ஒழிக்கப்பட்டுவிட்டன. சில இடங்களில் ஆள் போட்டார்கள். சில இடங்களில் சுரங்கப்பாதை கட்டினார்கள். பிறகு எதற்கு இந்தக் கேள்வி?

மூடியிருக்கும் கேட்டின் அடியில் ஸ்கூட்டரைச் சாய்த்து நுழைப்பவர்களை இன்றும் பார்க்கலாம். அவர்கள் தாங்களாகவே காவலாளி இல்லாத கேட்டை உண்டாக்கிக்கொள்கிறார்கள். ரெயிலால் நினைத்த இடத்தில் நிற்க முடியாது. வளைந்து ஒதுங்கவும் முடியாது. நிற்க முடிந்தவர் நிற்க வேண்டும் என்பதே இந்தக் கேள்வி சொல்லும் பாடம்.

ஒரு வினாடியில் எவ்வளவு தூரம்?

வேகத்தைப்பற்றி ஒரு கணக்குப் போட்டால் பல கேள்விகளுக்கு விடை கிடைக்கும்.

60 கிலோ மீட்டர் வேகத்தில் போகிறவர், ஒரு நிமிஷத்தில் 1 கிலோ மீட்டர் போகிறார். அப்படி என்றால் ஒரு வினாடியில் ஏறத்தாழ 17 மீட்டர்.

குறுக்கே ஒரு குழந்தை ஓடி வருகிறது. கண் பார்த்து, மனம் உணர்ந்து, கை பிரேக்கைப் பிடிக்க ஒரு வினாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். பிரேக் பிடிக்கும் முன்பே வண்டி 17 மீட்டர் போய்விடும். அது ஒரு பஸ்சின் நீளத்தைவிட அதிகம். அதன் பிறகுதான் வண்டி வேகம் குறையத் தொடங்கும்.

வேகம் இரண்டு மடங்கு ஆனால், பிரேக் பிடித்தபின் வண்டி ஓடி நிற்கும் தூரம் இரண்டு மடங்கு ஆகாது. நான்கு மடங்கு ஆகும்! பள்ளிக்கூடத்தின் அருகே வேகத்தைக் குறைக்கச் சொல்வது இதனால்தான். முன்னால் போகும் வண்டிக்கும் நமக்கும் இடைவெளி வேண்டும் என்பதும் இதனால்தான். மழை பெய்து சாலை நனைந்திருந்தால் இடைவெளி இன்னும் கூட வேண்டும்.

செல்போனுக்கும் இதே கணக்குதான். யார் கூப்பிட்டது என்று மூன்று வினாடி குனிந்து பார்த்தால், 50 மீட்டர் தூரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கடந்ததற்குச் சமம்.

குடித்துவிட்டு ஓட்டுவது பற்றியும் கேள்வி உண்டு. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லி கிராமுக்கு மேல் மது இருந்தால் குற்றம். முதல் தடவை பிடிபட்டால் 6 மாதம் வரை சிறை, அல்லது 10 ஆயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். அபராதம் கட்டுவதற்காவது ஆள் உயிரோடு இருக்க வேண்டுமே!

தலைக்கு ஒரு கவசம்

2022-ம் ஆண்டில் ஹெல்மெட் போடாமல் சென்று இறந்தவர்கள் இந்தியாவில் 50 ஆயிரத்து 29 பேர். அவர்களில் 14 ஆயிரத்து 337 பேர் பின்னால் உட்கார்ந்து சென்றவர்கள்.

ஆகவே ஹெல்மெட் ஓட்டுபவருக்கு மட்டும் போதாது. பின்னால் இருக்கும் மனைவிக்கும், தாயாருக்கும், தங்கைக்கும் வேண்டும். 4 வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்கும் சட்டப்படி ஹெல்மெட் கட்டாயம். 4 வயதுக்கு உட்பட்ட குழந்தையை, ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டும் பாதுகாப்புப் பட்டை போட்டே அழைத்துச் செல்ல வேண்டும். அப்போது வேகம் 40 கிலோ மீட்டரைத் தாண்டக்கூடாது.

ஹெல்மெட்டின் தாடைப் பட்டையைப் பூட்ட வேண்டும். பூட்டாத ஹெல்மெட், ஆள் விழும் முன்பே தான் விழுந்துவிடும். வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முத்திரை இல்லாத ஹெல்மெட்டை விற்பது 2021-ம் ஆண்டு ஜூன் மாதத்தில் இருந்து குற்றம். ஹெல்மெட் போடாவிட்டால் அபராதம் 1,000 ரூபாய். லைசென்சும் 3 மாதம் முடக்கப்படலாம்.

மோட்டார் சைக்கிளில் எத்தனை பேர் போகலாம் என்பதும் பரீட்சைக்கு உரிய கேள்வி. ஓட்டுபவரோடு சேர்த்து இருவர். மூன்றாவது ஆளுக்குச் சட்டத்தில் இடம் இல்லை.

விபத்து நடந்துவிட்டால்?

"ஓடிவிட வேண்டும்" என்பது பயத்தின் பதில். சட்டத்தின் பதில் வேறு.

அடிபட்டவரை உடனே பக்கத்தில் உள்ள ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஏற்பாடு செய்ய வேண்டும். 108-க்குப் போன் செய்ய வேண்டும். போலீசுக்கு 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். இவை வண்டி ஓட்டியவரின் கடமைகள்.

வேடிக்கை பார்ப்பவர்களுக்கும் ஒரு பயம் உண்டு. "தூக்கிவிட்டால் நம்மைப் போலீஸ் ஸ்டேஷனுக்கு அலைய விடுவார்களே" என்ற பயம். 2019-ம் ஆண்டில் திருத்தப்பட்ட சட்டம் அந்தப் பயத்தைப் போக்கியது. நல்லெண்ணத்தோடு உதவியவர் மீது வழக்குப் போட முடியாது. அவர் தன் பெயரைச் சொல்லியே ஆகவேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவும் முடியாது.

தமிழ்நாட்டில் 2021-ம் ஆண்டு டிசம்பர் மாதம் "இன்னுயிர் காப்போம்" திட்டம் தொடங்கப்பட்டது. விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் செலவை அரசாங்கமே ஏற்கும் திட்டம் அது. திட்டத்தில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரிகளுக்கும் இது பொருந்தும். விபத்துக்குப் பிறகு முதல் ஒரு மணி நேரத்தைச் சட்டமே "பொன்னான நேரம்" என்கிறது. அந்த நேரத்துக்குள் சிகிச்சை கிடைத்தால் பிழைப்பவர் பலர்.

கையில் இருக்க வேண்டியவை

லைசென்சு, வண்டியின் பதிவுச் சான்று, இன்சூரன்சு, புகைச் சான்று. இந்த நான்கையும் நினைவு வைத்துக்கொண்டால் ஆவணங்கள் பற்றிய கேள்வியில் தவறு வராது. காகிதமாக இல்லாமல், அரசாங்கத்தின் "டிஜிலாக்கர்" வழியாகச் செல்போனில் வைத்திருந்தாலும் செல்லும். சாதாரணமாகப் படம் பிடித்து வைத்துக்கொண்டால் போதாது.

எப்படித் தயாராவது?

கடைசி இரவில் படிப்பது வீண். பத்து நாள் போதும். நாளுக்கு அரை மணி நேரம் போதும்.

முதல் மூன்று நாள் சின்னங்கள். உருவம், நிறம், படம் என்ற வரிசையில் படிக்க வேண்டும். பஸ்சில் போகும்போது ஜன்னல் வழியாக ஒவ்வொரு பலகையையும் பார்த்து, "இது கட்டளையா, எச்சரிக்கையா, தகவலா?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொள்ளலாம்.

அடுத்த நான்கு நாள் விதிகள். ஒவ்வொரு பதிலுக்கும் "ஏன்?" என்று கேட்க வேண்டும். வீட்டில் ஒருவர் கேட்க, இன்னொருவர் பதில் சொல்லலாம். பேரன் கேட்டுப் பாட்டி பதில் சொன்னாலும் நல்லதுதான். சாலையில் நடந்துபோகும் பாட்டிக்கும் விதிகள் தெரிய வேண்டாமா?

கடைசி மூன்று நாள் மாதிரிப் பரீட்சை. உரிமத்துக்கு விண்ணப்பிக்கும் அரசு இணையதளத்திலேயே இதற்கு வசதி இருக்கிறது. கேள்விகள் ஒவ்வொன்றாகத் திரையில் வரும். ஒவ்வொன்றுக்கும் குறிப்பிட்ட வினாடிகள்தான். கடிகாரம் ஓடுவதைப் பார்த்துப் பயப்படாமல் இருக்க இந்தப் பழக்கம் உதவும்.

புதிதாக எழுதப் படிக்கக் கற்றவர்கள் இந்தப் பரீட்சைக்கு அஞ்ச வேண்டியது இல்லை. இரு சக்கர வண்டிக்குப் பள்ளிக்கூடச் சான்றிதழ் கேட்பது இல்லை. கேள்விகள் சிறியவை. பாதிக் கேள்வியிலேயே அவசரப்பட்டுப் பதிலைத் தொடாமல் இருந்தால் போதும். "செய்யலாம்" என்று கேட்டிருக்கிறதா, "செய்யக்கூடாது" என்று கேட்டிருக்கிறதா என்று கடைசிச் சொல் வரை படிக்க வேண்டும். தெரிந்த விஷயத்தில் பலர் தவறுவது அந்தக் கடைசிச் சொல்லில்தான்.

ஒருவேளை தவறிவிட்டாலும் மானம் போய்விடாது. மறுபடி எழுதலாம். விடை தெரிந்த இன்னொருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு குறுக்கு வழியில் பாஸ் செய்வதுதான் ஆபத்து. பரீட்சையில் பதில் சொல்லிக் கொடுத்தவர், நாளை லாரி எதிரே வரும்போது காதில் வந்து சொல்ல மாட்டார்.

சிவப்பு எழுத்து

எல்.எல்.ஆர். கிடைத்ததும் வண்டியின் முன்னும் பின்னும் "எல்" எழுத்துப் பலகை மாட்ட வேண்டும். வெள்ளைப் பலகையில் சிவப்பு எழுத்து. பலகை 18 சென்டி மீட்டர் சதுரத்துக்குக் குறையக்கூடாது. எழுத்தின் உயரம் 10 சென்டி மீட்டருக்குக் குறையக்கூடாது.

சிலர் இதை அவமானமாக நினைத்துக் கழற்றி வைத்துவிடுகிறார்கள். அது, "நான் புதியவன், கொஞ்சம் பொறுத்துப் போங்கள்" என்று மற்றவர்களிடம் கேட்கும் எழுத்து. பஸ் டிரைவரும் லாரி டிரைவரும் அதைப் பார்த்து ஒதுங்கிப் போவார்கள்.

பழகும் காலத்தில் நண்பர்களைப் பின்னால் ஏற்றிக்கொண்டு சுற்றக்கூடாது. லைசென்சு உள்ள ஒருவர், கற்றுக்கொடுப்பதற்காக மட்டுமே பின்னால் உட்காரலாம். தகப்பனாரோ, அண்ணனோ, அக்காவோ லைசென்சு வைத்திருந்தால் அவர்களே நல்ல வாத்தியார்.

அவர்கள் சொல்லிக் கொடுக்கும்போது கிளட்சையும் பிரேக்கையும் மட்டும் சொல்லிக் கொடுக்காமல், பரீட்சைக்குப் படித்த விதியையும் சாலையில் காட்டிக் கொடுக்க வேண்டும். "இதோ பார், எட்டு மூலைப் பலகை. இங்கே என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்க வேண்டும். அப்போதுதான் படித்தது மனதில் நிற்கும்.

பரீட்சையில் நூற்றுக்கு 60 வாங்கினால் பாஸ் போடுவார்கள். சாலை அப்படி மார்க்குப் போடாது. அங்கே நூற்றுக்கு நூறு வேண்டும். தினமும் வேண்டும்.